காலி வீதியில் அணைந்த விளக்குகள்

பற்பசை முடிந்துபோனதில்தான் விஷயம் வெளியே வந்தது.

“திங்கக்கிழமை வாங்கின ரியூப்,” என்று குளியலறை வாசலில் நின்று சொன்னாள் பிறிஜெற். நசுங்கிச் சுருண்ட குழாய் அவள் விரல்களுக்கிடையில் தொங்கியது. “இண்டைக்குப் புதன். மூண்டு பேர் மூண்டு நாளில இவ்வளவு பல்லு மினுக்கேலுமோ?”

மகள் ஷெரோமி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். பால்கனியிலிருந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“பல்லு மினுக்கினது நாங்களில்லை மம்மி. இஞ்ச வந்து பாருங்கோ.”

கீழே, கொட்டாஞ்சேனையின் அந்த ஒடுங்கிய லேனில், வின்சன்ற் சாரமும் பனியனுமாகக் குந்தியிருந்து தன் வெள்ளிநிறக் காரின் ஹெட்லைற்றைப் பழைய துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். லேன் முழுக்கப் பெப்பர்மின்ற் வாசம். அவருக்கு வயது அறுபத்தொன்பது. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பத்தாறு வருடம் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். காருக்கு வயது இருபத்தொன்று. அதை இன்றுவரை இன்னொருவர் கழுவ அவர் விட்டதில்லை.

“பற்பசை போட்டா மினுங்கும் எண்டு போனில ஒருத்தன் செய்து காட்டினான்,” என்றார், மேலே வந்து தேநீரைக் கையில் எடுத்ததும். “மினுங்குதுதான்.”

“ஏன் டடி திடீரெண்டு மினுக்கவேணும்?”

வின்சன்ற் தேநீரை ஊதினார். தேவைக்கு அதிகமாகவே ஊதினார். பிறிஜெற்தான் போட்டு உடைத்தாள்.

“போன வியாழக்கிழமை பொலிஸ் மறிச்சது. லைற் வெளிச்சம் காணாதாம். தண்டம் எழுதித் துண்டு தந்தவன்.”

“பிள்ளைக்குச் சொல்லவேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்.”

“நீங்கள் பேஸ்ற்றை எனக்குச் சொல்லிப்போட்டோ எடுத்தனீங்கள்?”

ஷெரோமி கைப்பையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வாகனக் காப்புறுதி நிறுவனம் ஒன்றில், விபத்துக் கோரிக்கைகளைப் பார்க்கும் பிரிவில் அவளுக்கு வேலை. வீட்டில் அவள் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் மற்ற இருவரும் அடங்கிவிடுவது வழக்கம்.

“டடி, என்ரை மேசைக்கு வாற பைலில முக்கால்வாசி என்ன தெரியுமோ? பின்னேரம் ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில. அறுபத்தஞ்சு வயசுக்கு மேல. மங்கின லைற். ‘ஆள் குறுக்க வந்ததைக் காணேல்லை.’ எல்லாரும் அந்த ஒரு வசனத்தைத்தான் எழுதிறினம்.”

“நான் கண்டனான். அந்தப் பொலிஸ்காரனை அரைக் கட்டைத் தூரத்திலயே கண்டனான்.”

“அவன் உங்களைக் காணேல்லையே. அதுதான் பிரச்சினை.” அவள் எழுந்தாள். “என்ரை ஒஃபிசில டில்ஷானி இப்பிடி ஒரு காரை வாங்க ஒரு வருசமா அலையிறா. இன்னொரு துண்டு வந்துதெண்டா அவவை நான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவன். சொல்லிப்போட்டன்.”

“அப்ப வியாழக்கிழமை?”

“போனில தட்டினா த்ரீவீல் வாசலுக்கு வரும்.”

“த்ரீவீலில நமசிவாயத்தின்ரை முழங்கால் மடங்காது.”

ஷெரோமி கைப்பையைத் தோளில் மாட்டினாள். சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

வியாழக்கிழமை என்பது அந்த வீட்டில் ஒரு நாள் மட்டுமல்ல. பின்னேரம் ஆறு மணிக்கு வின்சன்றும் பிறிஜெற்றும் காரில் ஏறி, கொழும்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, வெள்ளவத்தைக்குப் போவார்கள். அங்கே நாலாம் மாடி பிளாட்டில், வின்சன்றோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்த நமசிவாயமும் மனைவி சரோஜினிதேவியும் இருக்கிறார்கள். நமசிவாயத்தை லிஃப்டில் கீழே இறக்கி, முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, கடற்கரை வீதியில் ஒரு சுற்றுக் காற்று வாங்க வைப்பார் வின்சன்ற். பிறகு மேலே போய் நாலு பேருமாக முன்னூற்றிநாலு சீட்டு விளையாடுவார்கள். ஒரு வாரம் முழுவதும் நமசிவாயம் வீட்டை விட்டு வெளியே வருவது அந்த ஒரு முறைதான்.

“த்ரீவீலில போனா நான் அவனைப் பார்க்கப் போற ஆள்,” என்று வின்சன்ற் அன்று மகள் போன பிறகு மனைவியிடம் சொன்னார். “காரில போனா ஏத்தப் போற ஆள். ரெண்டும் ஒண்டில்லை.”

பிறிஜெற் பழைய பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே ஒட்டியிருந்ததை வழித்துக்கொண்டிருந்தாள்.

*

அன்று மாலையே வின்சன்ற் காரை இப்திகாரிடம் கொண்டு போனார். இரண்டு லேன் தள்ளி, பழைய களஞ்சியம் ஒன்றின் முகப்பில் இப்திகார் கடை வைத்திருந்தான். கடை என்றால் ஒரு குடை, இரண்டு வாளி, ஒரு மெஷின், ‘மங்கிய லைற் புதிதாகும்’ என்று மூன்று மொழியில் ஒரு பலகை. அவனுக்கு நாற்பத்தைந்து வயது. காரை நிறுத்தியதுமே குனிந்து மோந்து பார்த்தான்.

“அங்கிள், பேஸ்ட் போட்டீங்களா?”

“எப்பிடித் தெரியும்?”

“மணக்குதே. வாரத்துக்கு மூணு பேரு இப்பிடித்தான் வாறாங்க. போன கெழம ஒருத்தர் அப்பச்சோடாவும் தேசிக்காயும் போட்டுட்டு வந்தாரு. அப்பம் சுடப் போறீங்களாண்டு கேட்டேன்.” விளக்கின் மேல் விரல் நகத்தால் தட்டினான். “பேஸ்ட் ரெண்டு நாளைக்கி நிக்கும் அங்கிள். அதுக்குப் பொறகு முந்தியவிட மஞ்சளாப் போகும். மேல்த்தோல உரிக்கணும்.”

“சரி, உரிச்சு விடும். ஆனா கவனம்,” என்றார் அவர்.

வின்சன்றுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது. இப்திகார் விளக்கைச் சுற்றி வண்ணப்பூச்சில் படாதபடி நாடா ஒட்டினான். பிறகு தண்ணீர் விட்டுத் தேய்க்கும் கரடுமுரடான கடதாசியை வாளியில் நனைத்து, ஒரே திசையில், இடமிருந்து வலமாக இழுக்கத் தொடங்கினான். விளக்கிலிருந்து மஞ்சள் பால் வடிந்தது. பழைய புத்தகத்தின் ஓரம் எப்படியிருக்குமோ அந்த நிறம். பம்பரில் வழிந்து நிலத்தில் சொட்டியது.

அது வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்த வின்சன்றுக்கு இந்தக் காரை வாங்கிய வருடம் நினைவுக்கு வந்தது.

யுத்த காலம், கார் வந்து ஒரு மாதமிருக்கும். ஒருநாள் காலை நமசிவாயம் அலுவலகத்துக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மத்தியானம் சரோஜினிதேவி ஒரு பிளாஸ்டிக் பையில் கலியாணப் பதிவுப் பத்திரத்தையும் மூன்று வருடத்துச் சம்பளச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு கோட்டைக்கு வந்து நின்றா. முந்தாநாள் மாலை வீட்டுக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் நமசிவாயத்தை பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணத்து நெல்லியடி என்றிருந்தது, அவ்வளவுதான் விஷயம். முகாமையாளரின் கடிதத்தோடு வின்சன்ற் பொலிஸ் நிலையத்தில் போய் நின்று, தன் நல்ல சிங்களத்தில் நாலு மணித்தியாலம் கதைத்து, நமசிவாயத்தை வெளியே எடுத்தார். இரண்டு இரவு இருந்த சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நமசிவாயம் வெளியே வந்தார்.

அடுத்த நாள் ஐந்து மணிக்கு அலுவலக வாசலில் கார் நின்றது. “ஏறும் ஐசே,” என்றார் வின்சன்ற்.

“உமக்கு வீடு வடக்கால. எனக்குத் தெற்கால. விசரோ உமக்கு?”

“பெற்றோல் என்ரை. ஏறும்.”

வின்சன்ற் என்பது சிங்களவரும் வைக்கும் கிறிஸ்தவப் பெயர்; சோதனைச் சாவடிகளில் அதற்குக் கேள்வி குறைவு. அந்தப் பெயரின் பின்னால் நமசிவாயத்தை உட்கார வைத்து அவர் ஐந்து வருடம், ஒவ்வொரு வேலைநாளும், வெள்ளவத்தைக்கு ஓட்டினார். பக்கத்துக் கட்டடத்தில் தட்டெழுத்தாளராக இருந்த பிறிஜெற் முன்னால். பள்ளிக்கூட வான் மத்தியானம் தாயின் அலுவலகத்தில் இறக்கிவிட்டுப் போகும் ஷெரோமி, வெள்ளைச் சீருடையும் அவிழ்ந்த சப்பாத்துமாக, பின்னால் நமசிவாயம் அங்கிளோடு. காலிமுகத்திடலைக் கடக்கும்போது பட்டங்கள் தெரியும். கண்ணாடியை இறக்கினால் இறால் வடை மணம் உள்ளே வரும். வாய்ப்பாடு ஒப்புவித்தபடி பிள்ளை, “ஒம்பது ஒம்பது?” என்று கேட்டபடி நமசிவாயம். பயந்து பயந்து போன பயணம்தான். இருந்தாலும் இப்போது நினைத்தால் அந்த வருடங்களில்தான் கார் நிறைந்திருந்தது என்று அவருக்குத் தோன்றியது.

“அல்லாவே, அங்கிள், ஏன் மொகத்த அப்பிடி வெச்சிருக்கிறீங்க?”

வின்சன்ற் திடுக்கிட்டுப் பார்த்தார். விளக்கு முன்பைவிட மோசமாக, பனி பிடித்ததுபோல வெள்ளையாகக் கிடந்தது.

“இருந்த வெளிச்சத்தையும் எடுத்துப்போட்டீர் போல.”

“எல்லாரும் இந்த எடத்துலதான் அழுவாங்க. கொஞ்சம் பொறுங்க.”

இன்னும் மென்மையான கடதாசி, அதைவிட மென்மையானது, பிறகு மெஷினில் பஞ்சு வைத்துப் பொலிஷ். பனி மெல்ல விலகியது. உள்ளே இருந்த பல்ப், அதைச் சுற்றிய வெள்ளிக் கிண்ணம், கிண்ணத்தின் கோடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கடைசியில் வெயில் படாமலிருக்கக் கிளியர் லெக்கர் ஒரு பூச்சு. வின்சன்ற் எழுந்து கிட்ட வந்து பார்த்தார். விளக்குக்குள் தன் முகமும் பின்னால் லேனும் தலைகீழாக இருந்தன.

“இவ்வளவு மங்கினதை எப்பிடிக் காணாமல் இருந்தனான்?”

“ஒரு நாளுல மங்கினதில்லையே அங்கிள். வெயில் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சது. நீங்க தெனம் பாக்கிறதால ஒங்களுக்கு வெளங்கல்ல.”

*

வியாழக்கிழமை மாலை கார் புறப்பட்டபோது பிறிஜெற்கூட அசந்துபோனாள். முன்னால் போன பஸ்ஸின் இலக்கத் தகடு, வீதிக் கோடு, குறுக்கே ஓடிய பூனையின் கண், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

“ஆசுப்பத்திரியில கண்ணுக்குப் பூ எடுத்த மாதிரி இருக்கு,” என்றாள்.

“எனக்குக் கண்ணில ஒண்டுமில்லை எண்டு நான் எப்பவும் சொல்லுறனான்.”

காலி வீதியில், கொள்ளுப்பிட்டி தாண்டிச் சிறிது தூரத்தில், கைத்தொலைபேசிக் கடையும் பழரசக் கடையும் இருக்கும் சந்தியைக் கடந்தபோது விசில் கேட்டது. வின்சன்ற் ஓரம் கட்டினார். போன முறை மறித்த அதே இளம் பொலிஸ்காரன்.

“லைற் கோ, மாத்தயா?” லைற் எங்கே என்று கேட்டான்.

“முன்னால வந்து பாருங்க,” என்றார் வின்சன்ற் சிங்களத்தில், கொஞ்சம் பெருமையாகவே. “நேற்றுத்தான் செய்தது.”

பொலிஸ்காரன் முன்னால் போனான். இரண்டு விளக்கும் அவன் பூட்ஸில் பட்டுத் தெறித்தன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

“இப்ப எரியுது. சந்திக்குள்ள வரேக்குள்ள ரெண்டும் அணைஞ்சிருந்தது. நான் பார்த்துக்கொண்டுதானே நிண்டன். இருட்டில விளக்கில்லாம சந்தி கடக்கலாமா?”

வின்சன்ற் சத்தியம் செய்தார். பிறிஜெற்றும் செய்தாள். துண்டு எழுதப்பட்டது.

மறுநாள் தபாற்கந்தோரில் தண்டத்தைக் கட்டிவிட்டு வின்சன்ற் நேரே இப்திகாரிடம் போனார். இப்திகார் பானட்டைத் திறந்து, ஒவ்வொரு வயரையும் இழுத்து, பல்ப் ஹோல்டரைக் குலுக்கி, வின்சன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டுப்பட்டித் தெருவின் குண்டு குழிகளில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். விளக்கு இமைக்கவேயில்லை.

“அங்கிள், நான் வெளியாலதான் தேச்சேன். உள்ளுக்கு கையே வெக்கல்ல. வயரும் நல்லம், பல்ப்பும் நல்லம்.” கையைத் துடைத்தபடி யோசித்தான். “இது புதுசா வந்த வருத்தமோ, முந்தியே இருந்ததோ, யாருக்குத் தெரியும்? முந்தி அந்த லைற் எரிஞ்சாலும் ஒண்டுதான், அணைஞ்சாலும் ஒண்டுதான். இப்பதானே வித்தியாசம் தெரியிது.”

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஷெரோமி கத்தவில்லை. அதுதான் வின்சன்றுக்குப் பயமாக இருந்தது.

“அடுத்த சனிக்கிழமை டில்ஷானி வாறா,” என்றாள். “அவவின்ரை அண்ணாவும் வருவார், காரைப் பாக்க.”

“லைற்றில பிழை இல்லை எண்டு இப்திகார் சொல்லுறான்.”

“அப்ப பிழை எங்க?”

வின்சன்ற் கையைக் கழுவிவிட்டு வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“வாற வியாழக்கிழமை நீ எங்களோட வா. பின்னால இருந்து பார். லைற்றில பிழை எண்டா அதைச் செய்விப்பம். என்னில பிழை எண்டா, அந்த இடத்திலயே சாவியை உன்ரை கையில தருவன். ஒரு கதை பறைய மாட்டன்.”

ஷெரோமி தட்டைத் தள்ளி வைத்தாள். “சரி,” என்றாள்.

*

அந்தக் காரின் பின் இருக்கையில் மாலை நேரத்தில் ஷெரோமி உட்கார்ந்து எத்தனையோ வருடங்கள். சொந்தமாக ஸ்கூட்டர் வாங்கிய பிறகு அவள் இதில் ஏறுவதே நத்தார் திருப்பலிக்குத்தான். கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் முன்னால் சாய்ந்து, தகப்பனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைகள் நன்றாகத்தான் ஓட்டின. காலிமுகத்திடலில் வெளிச்சம் முற்றாகப் போயிருந்தது. கடைசிப் பட்டங்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஹெட்லைற் இரண்டும் வீதியை வெள்ளையாக விரித்துக்கொண்டு போயின.

“எவ்லினுக்குச் சொன்னனான்,” என்று பிறிஜெற் தன் தங்கையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். “மண்டபம் பெருசாப் பார்க்காத, சனம் வராட்டி வெறிச்சுப் போயிடும் எண்டு. அவள் கேக்கிறாளே. முன்னூறு பேருக்கு எடுத்திருக்கிறாள்.”

“முன்னூறு பேரை எவ்லினுக்குத் தெரியுமோ?”

“மாப்பிள்ளை பகுதியில நூறு பேர் எண்டு வச்சாலும்…”

வசனம் அந்தரத்தில் நின்றது.

தொலைபேசிக் கடையின் பச்சை வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. காரின் வேகம் குறைந்தது. வின்சன்றின் வலது கை ஸ்டியரிங்கின் பக்கத்துத் தண்டைத் தொட்டு ஒரு திருகு திருகியது. முன்னால் வீதி இருண்டது. அதே வேகத்தில் இடது கை மேலே போய், கூரையிலிருந்த சின்ன விளக்கைப் போட்டது. காரின் உட்புறம் மஞ்சளாக நிறைந்தது. பிறிஜெற்றின் கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு அடையாள அட்டைகள் வெளியே வந்தன. வின்சன்றுடையதை மேலேயும் தன்னுடையதைக் கீழேயும் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டாள். இருவரும் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. சுவாசிக்கிறார்களா என்றுகூடத் தெரியவில்லை.

பிறகு பிறிஜெற்றின் கை, தலை திரும்பாமலே, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவால் பின்னால் நீண்டது. உள்ளங்கையில் ஒரு டொபி. தொண்டைக்காக அவள் எப்போதும் பையில் வைத்திருக்கும் இஞ்சி டொபி.

ஷெரோமி அதை எடுத்து, உறையைக் கிழித்து, வாயில் போட்டாள். போட்ட பிறகுதான் தான் போட்டதே அவளுக்குத் தெரிந்தது.

இந்த இடம். மேலே விளக்கு எரிந்தால் டொபி வரும். அவளுக்கு ஒன்று, பக்கத்தில் இருக்கும் நமசிவாயம் அங்கிளுக்கு ஒன்று. அவர் பெரிய மனுசன், ஆனாலும் ஒன்றும் பேசாமல் வாங்கிப் போட்டுக்கொள்வார். அவருக்கும் டொபி விருப்பம் என்று நினைத்திருந்தாள். ஜன்னல் பக்கம் ஒரு துவக்கும் பச்சைச் சட்டையும் வரும், குனிந்து பார்க்கும், அம்மா அட்டைகளைக் கொடுப்பா, அப்பா சிங்களத்தில் சிரித்துக் கதைப்பார். டொபி பாதி கரைந்ததும் விளக்கு அணையும், கார் ஓடும், அம்மா மறுபடி கதைக்கத் தொடங்குவா. சின்ன வயதில் அவளுக்குப் பிடித்த நேரங்களில் அதுவும் ஒன்று.

விசில் கேட்டது.

வின்சன்றின் கை மறுபடி தண்டைத் திருகியது, வீதி வெளித்தது. கூரை விளக்கை அணைக்கப் போன கையை ஷெரோமி பிடித்துக்கொண்டாள்.

“இருங்கோ டடி. ஒண்டையும் தொடாதேங்கோ.”

அவள் இறங்கிப் போனாள். பொலிஸ்காரன் புத்தகத்தோடு வந்துகொண்டிருந்தான். கிட்டத்தில் பார்த்தால் அவளுடைய வயதுதான் இருக்கும்.

“மூன்றாவது முறை,” என்றான் சிங்களத்தில். “இவருக்கு என்ன சுகமில்லையா?”

“சுகத்துக்கு ஒன்றுமில்லை. முந்தி இதில ஒரு செக் பொயின்ற் இருந்தது.”

“இங்கயா?”

“இந்தச் சந்தியில்தான். மணல் மூட்டை அடுக்கி. கிட்ட வரும்போது ஹெட்லைற்றை அணைக்கவேணும், உள் லைற்றைப் போடவேணும். சட்டம். போடாவிட்டால் சுடலாம்.”

அவன் பழரசக் கடையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே இரண்டு மாணவிகள் அன்னாசிச் சாறு குடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். பிறகு காருக்குள் பார்த்தான். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு வயதானவர்கள், சோதனைக்கு எடுத்து வைத்த அட்டைகளோடு, அசையாமல் இருந்தார்கள்.

“நான் அப்ப நாலாம் வகுப்பு,” என்றான். புத்தகத்தை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தான். “லைற்றைப் போட்டுக்கொண்டு ஓட்டச் சொல்லுங்க, அக்கே. இன்னொரு நாள் வேற யாராவது நிற்பாங்க.”

அவள் வந்து பின்னால் ஏறினாள்; வெளியே கதைத்ததெல்லாம் திறந்த கண்ணாடி வழியே உள்ளே இருவருக்கும் கேட்டிருந்தது. பிறிஜெற் மடியிலிருந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் எடுத்திருக்கிறன்,” என்றாள் மெதுவாக. “ஒவ்வொரு வியாழக்கிழமையும் எடுத்திருக்கிறனோ?”

“பதினாறு வருசமா?” என்றார் வின்சன்ற்.

“அதுதான் நமசிவாயம் வீட்டில போய் இறங்கேக்குள்ள எப்பவும் என்ரை பை திறந்து கிடக்குது.”

வின்சன்றுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“மம்மி, இந்த டொபி ஏன் தந்தனீங்கள்?”

“தந்தனானோ?”

ஷெரோமி வாயைத் திறந்து நாக்கில் இருந்ததைக் காட்டினாள். பிறிஜெற் அதைப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

“உன்ரை வாய் ஒரு நிமிசம் சும்மா இராது,” என்றாள். “அவங்கள் குனிஞ்சு பாக்கேக்குள்ள, ‘நமா அங்கிள், எண்பத்தொண்டு சரியோ’ எண்டு தமிழில கத்துவாய். வாயில டொபி இருந்தா கத்த மாட்டாய்.”

“அங்கிளுக்கு?”

“அவருக்குச் சிங்களம் வராது. கேள்வி கேட்டா, வாயில டொபி இருக்கு, கையைக் காட்டலாம்.”

பக்கத்தால் ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது.

“நான் அது ஒரு சந்தோசமான விசயம் எண்டெல்லோ நினைச்சனான்,” என்றாள் ஷெரோமி.

“அப்பிடி நினைக்கவேணும் எண்டுதானே டொபி.”

வின்சன்ற் என்ஜினை நிறுத்தினார். சாவியை உருவி, தோளுக்கு மேலால் பின்னால் நீட்டினார்.

“பொலிஸ்காரன் எழுதேல்லை. ஆனா பேச்சு அவனோட இல்லை, உன்னோட. என்னிலதான் பிழை.”

ஷெரோமி சாவியை வாங்கினாள். மற்றக் கையால் கைத்தொலைபேசியை எடுத்தாள். டில்ஷானியின் பெயரைத் தாண்டிப் போய், இன்னொரு பெயரை அழுத்தினாள்.

“இப்திகார் நானா, வின்சன்ற் அங்கிளின்ரை மகள். என்ஜின் ஓடுற நேரம் ஹெட்லைற்றை அணைக்கவே ஏலாத மாதிரிச் செய்யலாமோ?”

கார் அமைதியாக இருந்ததால் அவன் குரல் மூவருக்கும் கேட்டது.

“ரிலே ஒண்டு போட்டாச் சரி தங்கச்சி. புது பைக்குல எல்லாம் அப்பிடித்தானே. சுவிச்ச எந்தப் பக்கம் திருப்பினாலும் எரிஞ்சிக்கிட்டே இருக்கும். என்ன, வயர்லதான் பிழையா?”

“வயரில இல்லை. சனிக்கிழமை காலமை கொண்டு வரட்டோ?”

“கொண்டு வாங்க. உள் லைற்றும் ஏதாவது செய்யணுமா?”

ஷெரோமி மேலே பார்த்தாள். யாரும் அணைக்காத அந்தச் சின்ன விளக்கு, தாயின் நரைத்த வகிட்டிலும் தகப்பனின் பிடரியிலும் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது.

“வேண்டாம் நானா. அது அப்பிடியே இருக்கட்டும்.”

சாவியைத் தகப்பனின் தோளில் வைத்தாள்.

“டில்ஷானிக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். ஓடுங்கோ, நேரம் போகுது. ரிலே போடுமட்டும் நான் பின்னால இருந்து லைற்றைப் பாக்கிறன்.”

*

வெள்ளவத்தையில் நமசிவாயம் அன்று தாமதம் பொறுக்காமல் தானே லிஃப்டில் இறங்கி, காவலாளியின் கதிரையில், ஊன்றுகோலில் நாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சரோஜினிதேவி. கார் வளவுக்குள் திரும்பியதும் விளக்கு முகத்திலடிக்க, கையால் கண்ணை மறைத்தார்.

“என்ன ஐசே, கப்பலையோ கொண்டு வாறீர்? சனத்தின்ரை கண்ணைக் குருடாக்கப் போறீர்.”

“கண் இருக்கிற ஆக்களுக்குத்தான் கூசும். ஏறும்.”

பிறிஜெற் இறங்கி, சரோஜினிதேவியோடு பின்னால் ஷெரோமிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வின்சன்ற் முன் இருக்கையைத் தள்ளி, முழங்காலைத் தூக்கி உள்ளே வைத்தார். நமசிவாயம் சாய்ந்து உட்கார்ந்து, பின்னால் திரும்பி ஷெரோமியைப் பார்த்துச் சிரிக்கப் போனார். கூரை விளக்கு எரிவதை அப்போதுதான் கண்டார்.

சிரிப்பு நின்றது. கை, அவரைக் கேட்காமலே, சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தடவியது.

ஷெரோமி எட்டி அந்த விளக்கை அணைத்தாள்.

“ஏன் பிள்ளை அணைச்சனீ?”

“உள்ளுக்க வெளிச்சம் இருந்தா கடல் தெரியாது, அங்கிள்.”

நமசிவாயத்தின் கை மெல்லப் பையிலிருந்து இறங்கி மடிக்கு வந்தது. “ஓம், அதுவும் சரிதான்,” என்றார். கார் கடற்கரை வீதிக்குத் திரும்பியது. அவர் கண்ணாடியை இறக்கினார். தண்டவாளத்துக்கு அப்பால் அலையின் வெள்ளை விளிம்பு, காருக்கு ஈடாக, கூடவே வந்துகொண்டிருந்தது.